வராத பங்கு

வேலை இதுதான்:
பெய்ததிலிருந்து ஓடியதைக் கழிப்பது.
கோப்லென்ஸ் நகரில், ரைனும் மோசெலும் சேரும் முனைக்கு
மூன்று தெரு தள்ளி,
வெந்நீர்க் குழாய் முனகுகிற அறை.
மழை இடது பத்தியில். ஆறு வலது பத்தியில்.
நடுவில் காணாமல் போனதற்கு
ஒரு பெயர் வைக்கச் சொல்வார்கள்.
"இழப்பு" என்று போட்டுவிடுவேன்.
எட்டு வருடமாக அப்படித்தான்.

சோராவிலிருந்து வரும் தாள்கள்
ஈரம் காய்ந்து நெளிந்திருக்கும்.
ஜூலையில் இடது பத்திக்கு இடம் போதாது.
அங்கே பாறைமேல் மண் தோலளவுதான்;
அதையும் பழைய மழைகள் உரித்துக்கொண்டு போயின.
பத்துப் படி விழுந்தால் எட்டுப் படி
அன்றைக்கே மலையிறங்கி வங்கத்துச் சமவெளிக்கு.
பிப்ரவரித் தாளின் ஓரத்தில்
டாஃபிஷா மாவ்லோங் பென்சிலால் எழுதியிருந்தாள்:
"இன்று ஊற்றில் வரிசை.
ஒரு கேன் நிரம்ப இரண்டு மணி நேரம்."
அதற்கு என்னிடம் பத்தி இல்லை.

யாகுட்டியாவில் அவசரம் கிடையாது.
அக்டோபரில் விழுந்தது மே வரை அசையாது.
வலது பத்தி மாதக்கணக்கில் வெறிச்சென்றிருக்கும்.
பிறகு ஒரே வாரத்தில் மொத்தக் கடனும்.
அடிமண் உறைந்து தாழிட்டுக்கொண்டிருப்பதால்
வந்தது எதையும் உள்ளே விடுவதில்லை.
"பனிக்கட்டி அளவுகோலையும் இழுத்துப் போயிற்று,
இனி கண்ணால் பார்த்து எழுதுகிறேன்"
என்கிறாள் சர்தானா ஸ்லெப்ட்சோவா.
அவள் கண்ணை நம்புகிறேன்.

ஆனால் சொல்ல வந்தது டைட்டஸ் கோவாசெப்பைப் பற்றி.
நமீபியா. குய்செப் ஆற்றின் கீழ்க்கோடி.
தினமும் காலையில் ஆடுகளை விட்டுவிட்டு
மணல் படுகையில் நட்ட கம்பம்வரை நடப்பார்,
சைபர் எழுதுவார்.
ஆயிரத்துச் சொச்சம் சைபர்கள்.
ஒன்றுபோல் ஒன்று இல்லை.
காற்றடித்த நாளில் சாய்ந்திருக்கும்.
ஒரு திங்கட்கிழமை, சைபருக்குள்
சின்னதாய் ஓர் ஆட்டின் முகம்.

பிறகு இந்தத் தாள்:

"மழை இல்லை. வானம் முழுக்க நட்சத்திரம்.
அதிகாலை மூன்று நாற்பது. முதலில் நாய்கள்.
அப்புறம் காய்ந்த நெற்றுகள் உருளும் சத்தம்.
அப்புறம் தண்ணீர், கணுக்கால் உயரம்,
நுரையும் சருகும் முன்னால் தள்ளிக்கொண்டு,
ஓர் ஆள் நடக்கிற வேகத்தில்.
கூடவே நடந்தேன்."

பெய்தது எங்கோ கிழக்கே, மேட்டு நிலத்தில்.
வழிநெடுக எல்லாரும் கை நீட்டியிருப்பார்கள்:
வெயில், பண்ணைக் குட்டைகள், வேர்கள், மணல்.
நூறு படியில் ஒரு படி தேறியிருக்குமா, சந்தேகம்.
அந்த ஒரு படிக்காக
ஊரே கைவிளக்கோடு கரையில்.

மறுநாள்:
"கடலுக்குப் போகவில்லை. மணல் மேடுகளுக்கு இப்பால் நின்றது.
நின்ற இடத்தில் என் மகள் அடெல்ஹைட்
ஒற்றைச் செருப்பை வைத்திருக்கிறாள், அடையாளத்துக்கு."

கழித்தேன். விடை வந்தது.
"இழ" வரை தட்டச்சிய விரல் நின்றது.
தொலைபேசியில் கேட்டேன், எங்கே போயிற்று மீதி?
சிரித்தார்.
"போகவில்லையே, கீழே இருக்கிறது.
நாலு முழம் தோண்டினால் கை நனையும்.
நாராக் கொடி இதற்குள் குடித்திருக்கும்.
பழுக்கும்போது வாருங்கள், அறுத்துத் தருகிறேன்.
தின்றுவிட்டு எழுதிக்கொள்ளலாம்."

வெளியே தூறல். குடை எடுக்காமல் நடந்தேன்.
தலைமுடி கொஞ்சம் குடித்தது, கோட்டு நிறைய.
கற்பாவிய தெருவில் வழிந்தது மட்டும்
ரைனைப் பார்த்து ஓடியது.
வீட்டுக் கதவில் மாட்டிய கோட்டின் அடியில்
ஒரு சின்னக் குட்டை.
காலையில் இல்லை.

அந்தக் கட்டம் இன்னும் காலி.
ஃப்ராவ் ஹால்ஃபென் இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.
யோசிக்கிறேன் என்றேன்.